நாடி போடும் மதிப்பெண்

அந்தப் பெண்ணுக்கு ஞானப்பிரகாசத்தின் உடம்பு நூற்றுக்குப் பதினேழு போட்டது.

வாயைக் கேட்டிருந்தால் தொண்ணூறாவது போட்டிருக்கும். ஆனால் அவர் வாயை யாரும் கேட்பதில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த சாம்பல் நிறப் பட்டை சிவந்து, சுவர்த் திரையில் 17 என்று எழும்பி நின்றபோது அவள் போய்விட்டிருந்தாள். கதவுத் திரைச்சீலை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டி, குழல்விளக்கின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக் கதவில் இன்னும் ‘மணமகள் அறை’ என்றே எழுதியிருந்தது. உறையூர் மங்களவல்லி மஹாலில் கல்யாணங்கள் நின்று நாலு வருடமாகிறது. இப்போது அது மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்காணல் மையம். மணப்பெண்கள் பொட்டைச் சரிசெய்துகொண்ட கண்ணாடியை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடியைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளர் டாக்டர் உமையாள் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளை மட்டும் யாரும் கழற்றவில்லை.

எல்லாப் பிள்ளைகளின் காதிலும் ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்த பிறகு எழுத்துத் தேர்வுக்கு அர்த்தமில்லாமல் போனது. பயறு அளவு இருக்கும் அந்தக் கருவி, குழந்தை மூன்றாம் வகுப்பு போகும்போதே காதில் ஏறி, பதினெட்டு வயது வரை பாடம் சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் எண்ணூறு பேர் முழு மதிப்பெண் வாங்கினார்கள். மூன்றாவது வருடம் நாற்பதாயிரம் பேர். ஆக, யாருக்கு இடம் என்பதை நேர்காணல்தான் முடிவு செய்தது. நேர்காணலை முடிவு செய்தது ஞானப்பிரகாசத்தைப் போன்றவர்களின் ரத்த ஓட்டம்.

ஏட்டில் அவர்களுக்குப் பெயர் உடற்சாட்சி. ஊரில் நாடிக்காரர்.

வேலை இதுதான். நோயாளியாக நடிக்க வேண்டும். மாணவர் பன்னிரண்டு நிமிடம் மருத்துவராக இருந்து விசாரிப்பார். பட்டை நாடித்துடிப்பு, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் படித்து, நோயாளியின் உடம்பு அந்த மாணவரை எவ்வளவு நம்புகிறது என்று கணக்கிடும். மாணவர் வெளியே போன பிறகும் இரண்டு நிமிடம் எண்ணிக்கொண்டிருக்கும். டாக்டர் அறையை விட்டுப் போன பிறகும் நிற்பதுதான் நம்பிக்கை என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். அந்த இரண்டுக்கும் பின்நிமிடங்கள் என்று பெயர். கடைசியில் மாணவர் ஒரு மருந்துச் சீட்டு எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. யாரும் படிப்பதும் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரு சாக்கில் அள்ளி எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

ஞானப்பிரகாசம் இருபத்து நான்கு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் கதவே சீட்டுக் கிழிக்கக் கற்றுக்கொண்ட பிறகு வேலை போய்விட்டது. நானூறு பேரைச் சோதித்து ஒன்பது பேரை நாடிக்காரர்களாக எடுத்தபோது அவரும் ஒருவர். சட்டென்று பதறாத, சட்டென்று குழையாத உடம்பு என்று சொன்னார்கள். தன் உடம்பைப் பற்றி யாரோ நல்லது சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனார்.

இந்தத் திங்கட்கிழமை அவருக்கு வயிற்றுவலி வேடம்.

அவள் பெயர் தில்ஷாத். துவரங்குறிச்சி. நுழைவுச் சீட்டில் ‘இரண்டாவது முயற்சி’ என்று சிவப்பில் இருந்தது. மூன்றாவது முயற்சி என்று ஒன்று கிடையாது. ஆரம்பத்தில் எல்லாரையும் போலத்தான் விசாரித்தாள். எங்கே வலி, எப்போதிலிருந்து, சாப்பிட்டால் கூடுகிறதா. பயிற்சி மையங்களில், ஏழாவது நிமிடம் நோயாளியின் கையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். பிடித்தால் நாடி இறங்கும். அவளும் பிடித்தாள். பிடித்தவள் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

“ஐயா, ரெண்டு ஆட்காட்டி விரலையும் மடக்கி, நகத்தோட நகத்தை ஒட்டி வைங்க.”

“எதுக்கு டாக்டரம்மா?”

“வைங்களேன்.”

வைத்தார்.

“நடுவுல சின்னதா ஒரு இடைவெளி இருக்கணும். கட்டம் மாதிரி, வெளிச்சம் தெரியணும். இந்தா, எனக்குத் தெரியுது பாருங்க. உங்களுக்கு அடைச்சிருக்கு.”

“வயித்து வலிக்கும் நகத்துக்கும் என்னம்மா?”

“வயித்து வலி நீங்க நடிக்கிறது ஐயா. இது நடிப்பு இல்ல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். பயிற்சியில் சொல்லித் தரும் தாழ்வு இல்லை அது. “வந்ததுலேர்ந்து மூணு தடவ இருமிட்டீங்க. எங்க அத்தா, அதான் எங்கப்பா, அவருக்கும் நகம் இப்படித்தான் உருண்டுக்கிட்டு வந்துச்சு. நாங்க லேட்டாத்தான் கவனிச்சோம். நுரையீரல்ல ஏதாவது இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா பாக்காம விட்ராதீங்க. இந்த வாரமே போய்ப் பாருங்க.”

அவருடைய நெஞ்சு பழைய பஸ்ஸின் என்ஜின் மூடியைப் போலத் தடதடத்தது. மணி அடித்தது. அவள் சீட்டை எழுதி வைத்துவிட்டு எழுந்தாள். பட்டையின் நிறத்தைப் பார்த்தாள். திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பதினேழு.

*

தேநீர் இடைவேளையில் பாக்கியம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அங்கன்வாடியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மணமகன் அறையின் நாடிக்காரி.

“என்ன தம்பி, பதினேழாமே? மையம் பூரா பேச்சா இருக்கு. உன் உடம்புக்கு அறுபதுக்குக் கீழ எண்ணவே தெரியாதுன்னுல்ல நெனச்சேன். ஒருத்தன் வந்து சிரிச்சுக்கிட்டே ‘சரியாயிடும் ஐயா’ன்னா தொண்ணூத்தஞ்சைத் தூக்கிக் குடுத்துருவியே!”

“அக்கா, இந்த வெரலை இப்படி வைங்க.”

“எதுக்கு, ஜோசியமா?”

“வைங்கக்கா.”

பாக்கியம் வைத்தாள். இரண்டு நகங்களுக்கும் நடுவில் எள்ளளவு வெளிச்சம் தெரிந்தது. அவர் தேநீர் கொண்டுவந்தவரையும் வைக்கச் சொன்னார். தெரிந்தது. வாசல் காவலருக்கும் தெரிந்தது. உலகத்தில் எல்லாருடைய விரல்களுக்கு நடுவிலும் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. அவருடையதை மட்டும் யாரோ உள்ளே இருந்து சாத்தியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வைத்துப் பார்த்தார். வீட்டில் சட்டையைக் கழற்றாமல் பின்வாசலில் நின்று பார்த்தார். “எதுக்கு இப்படி வெரலை முட்டவிட்டுக்கிட்டே இருக்கீங்க, கட்டெறும்பு சண்டை மாதிரி?” என்றாள் மனைவி ஸ்டெல்லா. சோப்பு சரியாகப் போகவில்லை என்று சொன்னார். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. டிவியைப் போட்டார், அணைத்தார். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, மூடினோமா என்று மறுபடி போய்ப் பார்த்தார்.

பயம் உயிரைப் பற்றியது மட்டுமில்லை என்பது செவ்வாய்க்கிழமை காலை சவரம் செய்யும்போதுதான் புரிந்தது. பயத்தோடு சேர்ந்து வெட்கமும் இருந்தது. போன வாரம் ஒரு பையன் வந்தான். அளவெடுத்துத் தைத்ததைப் போன்ற புன்னகை. கண்ணை மூன்று விநாடி பார்த்தான், ஒரு விநாடி விலக்கினான், மறுபடி மூன்று விநாடி. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு “பாஸ் வீட்ல இருக்குண்ணே” என்று சொல்பவர்களை இருபத்து நான்கு வருடம் பார்த்தவர் அவர். பையன் பொய் என்று உள்ளே நுழையும்போதே தெரிந்துவிட்டது. உடம்புக்குத் தெரியவில்லை. அது பூனைக்குட்டியைப் போல அவன் குரலில் சுருண்டு படுத்தது. தொண்ணூற்று மூன்று. அவனுக்கு இடம் நிச்சயம்.

உண்மை சொன்னவளுக்குப் பதினேழு.

*

“உட்காருங்க பிரகாசம் சார்” என்றார் டாக்டர் உமையாள்.

“நான் உக்காரலீங்க டாக்டர். அந்தத் துவரங்குறிச்சிப் பொண்ணோட மார்க்கை மாத்தணும்.”

“மாத்த முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.”

“அது என் மார்க் இல்லீங்க. எனக்கு அந்தப் பொண்ணு மேல நம்பிக்கை இருந்துச்சு. பயந்துட்டேன், அவ்வளவுதான்.”

“பயமும் அவநம்பிக்கையும் பட்டைக்கு ஒண்ணுதான். ரெண்டுலயும் நாடி ஓடுது, கை வேர்க்குது. பிரிச்சுப் பாக்க அதுக்குத் தெரியாது.”

“அப்ப அது தப்புங்களே?”

உமையாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். “தப்புதான். ஆனா இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியுமா? நாலு பெரிய மனுஷங்க மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பாங்க. அப்பா என்ன பண்றார், எந்தத் தெரு, எந்த ஊர்னு கேட்டுட்டு மார்க் போடுவாங்க. நான் அந்த மேசையில ரெண்டு வருஷம் உக்காந்திருக்கேன். ஒரு பையனுக்கு நாலு மார்க் கொறச்சேன். ஏன்னு ஏட்டுல எழுதணும். ‘தன்னம்பிக்கை போதாது’ன்னு எழுதினேன். நெஜம் என்னன்னா அவன் பேசின தமிழ் எனக்குப் பிடிக்கல. நாக்கு அவ்வளவு சுலபமா பொய் சொல்லும் சார். நாடி சொல்லாதுன்னு நெனச்சுத்தான் இதைக் கொண்டுவந்தோம்.”

“நாடி பொய் சொல்லலீங்க. கேக்கற கேள்விதான் வேற.”

உமையாள் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அவ அப்படி என்ன சொல்லிட்டா? கண்ணாடிக்குப் பின்னாடி எனக்குக் கேக்கல, ரொம்ப மெதுவா பேசினா.”

அவர் வாயைத் திறந்தார். உமையாள் சட்டென்று கையை உயர்த்தினார்.

“இருங்க. உங்க உடம்பைப் பத்தின விஷயமா இருந்தா எங்கிட்ட சொல்லாதீங்க. சாட்சிக்கு நோய் இருக்குன்னு எழுத்துல வந்துட்டா, இந்தப் பருவத்துல உங்க பட்டை போட்ட மார்க் அத்தனையும் செல்லாது. எத்தனை பேர் தெரியுமா? இருநூத்திப் பன்னெண்டு. பட்டியல் சனிக்கிழமை வருது.”

இருநூற்றுப் பன்னிரண்டு. நாலு பஸ் நிறைய ஆள். அவர் மனதில் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“வேற வழியே இல்லீங்களா?”

“ஒண்ணு இருக்கு. சாட்சி ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு தடவ மறு அமர்வு கேக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். அதே சாட்சி, அதே மாணவி. ரெண்டாவதா வர்ற மார்க்தான் நிக்கும். அது பதினேழை விடக் கொறஞ்சாலும் நிக்கும்.” உமையாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். “அதுவரைக்கும் அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க உடம்பு திங்கக்கிழமை பண்ணினதையே மறுபடி பண்ணினா என்ன செய்வீங்க?”

“பழக்கிக்கிட்டு வர்றேன்” என்றார் ஞானப்பிரகாசம்.

*

பழக்கினார்.

புதிதாக மலைப்பாதைக்கு மாற்றலாகி வரும் கண்டக்டர்கள் முதல் வாரம் வாந்தி எடுப்பார்கள். இரண்டாவது வாரம் கொண்டை ஊசி வளைவில் நின்றபடி சீட்டுக் கிழிப்பார்கள். பழகிய பயத்துக்குப் பல் கிடையாது என்பது அவர் எண்ணம். செவ்வாயும் புதனும் நகத்தோடு நகத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்தார். ‘நுரையீரல்ல ஏதாவது இருக்கலாம்’ என்று தனக்குத் தானே சொன்னார். முதலில் மனதுக்குள். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்விட்டு. முதல் தடவை நெஞ்சு எகிறியது. நாற்பதாவது தடவை கொஞ்சம் குறைந்தது. புதன் மாலை நூற்றுப் பத்தாவது தடவை சொன்னபோது, அடுத்த வீட்டு விலாசத்தைச் சொல்வதைப் போல இருந்தது. மருத்துவமனைக்குப் போகவில்லை. பட்டியல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். சனிக்கிழமைக்கு என்ன, இன்னும் மூணு நாள்.

வியாழன் காலை பத்து மணிக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு மணமகள் அறையில் உட்கார்ந்தார். மறுபடியும் வயிற்றுவலி. கண்ணாடிக்குப் பின்னால் உமையாள் இருந்தார். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தில்ஷாத் வந்தாள். திங்களன்று போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார். ஆனால் முகம் வேறாக இருந்தது. தலைவாசலை அலம்பிக் கோலம் போட்டுவிட்டு, உள்ளே யாரையும் விடாத வீட்டைப் போல.

“வணக்கம் ஐயா. நல்லா சாய்ஞ்சு உக்காருங்க. அவசரமே இல்ல, பொறுமையா சொல்லுங்க.”

கண்ணை மூன்று விநாடி பார்த்தாள். ஒரு விநாடி விலக்கினாள்.

அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். “வயித்துல சுருக்கு சுருக்குன்னு குத்துது டாக்டரம்மா.”

“பயமா இருக்கா?”

“கொஞ்சம்.”

“அது இயல்புதான் ஐயா.”

அழகாகக் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் சரியான இடைவெளி விட்டாள். ஏழாவது நிமிடம் கையைப் பிடித்தாள். அவர் தயாரானார். சொல்லு தாயி, இப்போது சொல்லு, நூற்றுப் பத்து தடவை கேட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். நகம் வெளியே தெரியும்படி விரல்களை நீட்டிக்கூடக் கொடுத்தார்.

அவள் நகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

“பெருசா ஒண்ணுமில்ல ஐயா. சரியாயிடும்.”

அவர் உண்மைக்குப் பழகி வந்திருந்தார். அவள் பொய்க்குப் பழகி வந்திருந்தாள். மூன்று நாளில் எந்தப் பயிற்சி மையத்தின் எந்தக் கண்ணாடி முன்னால் நின்று அதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாளோ. அது பொய் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். இருந்தும் அவர் தோள்கள் இறங்கின. திங்கட்கிழமையிலிருந்து கல்லாய் இறுகியிருந்த கழுத்து இளகியது. மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது. உடம்பு நம்பிவிட்டது. சரியாயிடும், சரியாயிடும் என்று அது உள்ளே எங்கோ சின்னப் பிள்ளையைப் போலச் சொல்லிக்கொண்டு, அவரைக் கேட்காமலேயே தூங்கப் போனது. பட்டை பச்சையாயிற்று.

அவருக்கு அழுகை வந்தது. அதுகூட நாடியைக் கெடுக்கவில்லை.

மணி அடித்தது. அவள் குனிந்து சீட்டு எழுதினாள். இரண்டு வரியில் முடியும் சீட்டு. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். முடித்ததும் அதைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். சீட்டை யாரும் கவிழ்த்து வைப்பதில்லை. எழுந்து நின்றவள், கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி அவரைப் பார்த்தாள். துப்பட்டாவின் மறைவில், வயிற்றருகே, அவளுடைய இரண்டு ஆட்காட்டி விரல்களும் மடங்கி நகத்தோடு நகம் ஒட்டியிருந்தன.

போய்விட்டாள்.

பின்நிமிடங்கள் தொடங்கின.

சீட்டு அவர் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. மெல்லிய தாள். நீல மையில் எழுதியது பின்பக்கம் லேசாகப் பதிந்து, எழுத்துகள் வலமிடமாக மாறித் தெரிந்தன. ஒரு வார்த்தை படித்தால் போதும், இந்தப் பச்சை போய்விடும். அவளுக்கு மூன்றாவது முயற்சி கிடையாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் தாமாக மேசை மேல் நகர்ந்தன. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பல்புகளின் சூடு கன்னத்தில் பட்டது. மூளையை வேறு எங்காவது அனுப்ப வேண்டும். இருபத்து நான்கு வருடம் தினமும் போன வழியில் அனுப்பினார். சத்திரம். மெயின்கார்டு கேட். மெயின்கார்டு கேட் எல்லாம் எறங்கு. மரக்கடை. காந்தி மார்க்கெட், கூடைய உள்ள தள்ளும்மா, ஆள் நிக்கணும்ல. பாலக்கரை. படியில நிக்காத தம்பி, மேல ஏறு. மேலப்புதூர். தலைமைத் தபால் ஆபீஸ். நுரையீரல்... இல்லை, தலைமைத் தபால் ஆபீஸ் எல்லாம் எறங்கு. சென்ட்ரல். சென்ட்ரல் எல்லாம் எறங்குங்க, வண்டி இதுக்கு மேல போகாது.

சின்ன மணியோசை கேட்டது. கண்ணைத் திறந்தார். திரையில் 94.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் உமையாளின் குரல் வந்தது. “மார்க்கை ஏத்திட்டோம் சார். பட்டையைக் கழட்டிக்கலாம்.” கொஞ்சம் தயங்கி, “நல்லாப் பழக்கியிருக்கீங்க” என்றார்.

“நான் இல்லீங்க” என்றார் ஞானப்பிரகாசம். அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டதோ என்னவோ.

பட்டையைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்தார். மணிக்கட்டில் வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தது. பிறகு சீட்டைத் திருப்பினார்.

‘ஐயா, இன்னைக்கு நான் சொன்னது மார்க்குக்கு. திங்கக்கிழமை சொன்னதுதான் நெஜம். நீங்க சனிக்கிழமை வரைக்கும் தள்ளிப் போடுவீங்கன்னு தெரியும், நுழைவுச் சீட்டுக்குப் பின்னாடி சாட்சி விதியெல்லாம் போட்டிருக்கு. தள்ளிப் போடாதீங்க. பெரியாஸ்பத்திரி நெஞ்சு நோய்ப் பிரிவு திங்களும் வியாழனும் பன்னெண்டு மணி வரைக்கும். எங்க அம்மா மும்தாஜ் பேகம் அங்க ஆயாவா இருக்காங்க. வரிசையில நிக்க வேண்டாம், அம்மா பேரைச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட அம்மா பேசிட்டாங்க. இன்னைக்குப் படம் மட்டும் எடுத்துப் பாப்பாங்க, ஏட்டுல பேரு சனிக்கிழமைக்கு அப்புறம் ஏத்திக்கலாம். கூட யாரையாவது கூட்டிட்டுப் போங்க. சரியாயிடுமான்னு எனக்குத் தெரியாது.’

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தேகால் தாண்டியிருந்தது. அவர் சீட்டை நாலாக மடித்து, எடைக்குப் போகும் சாக்கைத் தாண்டி நடந்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போனை எடுத்து ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்.

“சென்ட்ரல் பக்கம் கெளம்பி வா. வந்ததும் சொல்றேன்.”

“என்னங்க, குரலே ஒரு மாதிரி இருக்கு? பயமுறுத்தாதீங்க.”

நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை வேர்த்துச் சொதசொதத்தது. அதை எண்ண இப்போது எந்தப் பட்டையும் இல்லை. அந்தப் பெண்ணை அவர் முழுக்க நம்பினார்.